ஏசிசியில் உங்கள் காருக்கு நீங்களே செட்டப் செய்வது எப்படி?

அசெட்டோ கோர்ஸா காம்பெட்டிஸியோனே என்ற கார் பந்தய வீடியோ கேம், சுருக்கமாக ஏசிசி. இதை வாங்கி ஒரு மாதம் ஓட்டிய பலரும் ஒருநாள் செட்டப் பக்கத்தை, அதாவது காரின் அமைப்புகளை மாற்றும் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடுவார்கள். டயர், எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் கிரிப், டாம்பர், ஏரோ என்று பக்கம் பக்கமாக எண்கள். எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. அதனால் வேகமாக ஓட்டும் யாரோ ஒருவரின் செட்டப்பை இறக்கிப் போட்டுக்கொள்வார்கள். நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

அந்தச் செட்டப்கள் மோசமானவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை அவருடைய கைக்கும் காலுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. அவர் பிரேக்கை விடுகிற விதம் வேறு, நீங்கள் விடுகிற விதம் வேறு. உங்களுக்கான சட்டையை நீங்களே தைக்கலாம். ஒரு கார், ஒரு டிராக், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு மாலைப்பொழுது போதும்.

தொடங்கும் முன்

டிராக்குக்கு பார்சிலோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்1 அணிகள் பல வருடங்கள் தங்கள் புதுக் கார்களைச் சோதித்துப் பார்த்த இடம் அது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நேர்ப்பாதை, நீளமான வேக வளைவுகள், கனமாக பிரேக் போடும் மெதுவான வளைவுகள் என எல்லாமே ஒரே சுற்றில் வந்துவிடும். காரில் என்ன குறை இருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். காருக்கு மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி3 நல்லது. சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத்துக்காக மாற்றியமைத்த பிரிவுதான் ஜிடி3. எஞ்சின் முன்னால் இருப்பதால் புதியவர்களை அதிகம் பயமுறுத்தாது. பின்னால் எஞ்சின் உள்ள போர்ஷே 911-ஐக் கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கலாம்.

பிராக்டிஸ் செஷனைத் திறந்து, மேகமோ மழையோ இல்லாமல், வெப்பநிலையை 25 டிகிரியில் வையுங்கள். வானிலை மாறும் அளவைப் பூஜ்யமாக்குங்கள். பெட்ரோல் ஒவ்வொரு முறையும் 30 லிட்டர். இதில் கறாராக இருக்க வேண்டும். வெயிலும் எடையும் மாறிக்கொண்டே இருந்தால், நேரம் குறைந்தது உங்கள் மாற்றத்தாலா வானிலையாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. அப்புறம், விளையாட்டே தரும் 'அக்ரசிவ்' செட்டப்பை ஏற்றி, வேறு பெயரில் சேமியுங்கள். நான் 'பார்சி 01' என்று தொடங்குவேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண் கூடும்.

முதலில் காற்று

வேறு எதையும் தொடாமல் ஐந்து சுற்று ஓட்டுங்கள். டயர் சூடேறி, உள்ளே காற்றழுத்தம் ஏறி ஓரிடத்தில் நிற்க அவ்வளவு நேரம் பிடிக்கும். ஐந்தாவது சுற்றில், நேர்ப்பாதையில் வரும்போது திரையில் நான்கு டயர்களின் அழுத்தத்தையும் பாருங்கள். காய்ந்த தரையில், ஜிடி3 காருக்கு 26 முதல் 27 பிஎஸ்ஐ வரை இருக்க வேண்டும். மழை டயருக்குக் கணக்கு வேறு, இப்போது அது வேண்டாம்.

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அளவுக்கு மேல் அடித்தால் டயர் கல்லாகித் துள்ளும், தரையைப் பிடிக்காது. குறைந்தால் சொதசொதவென்று இழுக்கும், திருப்பினால் தாமதமாகக் கேட்கும்.

பார்சிலோனாவில் நீண்ட வளைவுகள் பலவும் வலப்பக்கம் திரும்புபவை. அதனால் பாரமெல்லாம் இடது முன் டயரில்தான் விழும். அது 27.6 காட்டுகிறது, வலது முன் டயர் 26.4-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிட்டுக்கு (காரை நிறுத்திச் சரிசெய்யும் இடம்) வந்து இடது முன் டயரில் மட்டும் பத்து கிளிக் குறையுங்கள். ஒரு கிளிக் 0.1 பிஎஸ்ஐ, எனவே அடுத்த முறை 26.6-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நான்கு டயரும் ஒரே அழுத்தத்தில் கிளம்ப வேண்டியதில்லை, சூடான பிறகு நான்கும் அந்த அளவுக்குள் இருந்தால் சரி.

வேறொரு நாள் வெயில் கூடினால் இந்தக் கணக்கு மாறும். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.1 பிஎஸ்ஐ கூடும் என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்ப முன்கூட்டியே குறையுங்கள்.

இங்கேயே நிறுத்திவிட்டாலும் உங்கள் கார் முன்பைவிட நன்றாக ஓடும். காற்று சரியில்லாமல் வேறு எதைத் திருத்தினாலும் வீண் வேலை.

கார் என்ன சொல்கிறது?

செட்டப் செய்வதில் பாதி வேலை எண்களை மாற்றுவதில் இல்லை. கார் எங்கே, எப்போது, என்ன செய்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுவதில் இருக்கிறது. "கார் சரியில்லை" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "3-வது வளைவின் நடுவில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது" என்று எழுதினால் மருந்து தானாகக் கிடைக்கும்.

ஒவ்வொரு வளைவையும் மூன்றாகப் பிரியுங்கள்: பிரேக் போட்டு நுழைவது, நடுப்பகுதி, ஆக்சிலரேட்டர் கொடுத்து வெளியேறுவது. ஒவ்வொன்றிலும் முன்பக்கம் தள்ளுகிறதா, பின்பக்கம் வழுக்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள். முதலாவது அண்டர்ஸ்டியர், இரண்டாவது ஓவர்ஸ்டியர்.

அந்த 3-வது வளைவையே எடுத்துக்கொள்வோம். ஏற்றத்தில் வலப்பக்கமாக நீண்டுகொண்டே போகும். பாதி வளைவில் ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கார் கேட்காமல், இடது முன் டயர் மட்டும் கிறீச்சென்று முனகினால் அது அண்டர்ஸ்டியர். நான் முதலில் அதையும் மீறி இன்னும் திருப்புவேன். டயர் இன்னும் சூடாகி, அடுத்த சுற்றில் இன்னும் மோசமாகும். அந்த முனகலைக் கேட்கப் பழகியபோதுதான் எனக்குச் செட்டப் என்பதே புரிந்தது.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

நடுவளைவில் முன்பக்கம் தள்ளினால் ஆன்ட்டி ரோல் பாரைத் தொடுங்கள். வளைவில் கார் ஒருபக்கமாகச் சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பி அது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன் பாரை ஒரு படி மென்மையாக்கினால் முன் டயர்கள் நன்றாகப் பிடிக்கும். அது போதவில்லை என்றால் பின் பாரை ஒரு படி இறுக்கலாம், கார் இன்னும் துருதுருவென்று திரும்பும். ஆனால் இரண்டையும் சேர்த்து மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, மூன்று சுற்று ஓட்டி, நோட்டில் எழுதி, அப்புறம்தான் அடுத்தது.

பிரேக் போட்டு நுழையும்போது, உதாரணமாக 10-வது வளைவில், பின்பக்கம் ஆடினால் பிரேக் பயஸை, அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையே பிரேக் விசையைப் பங்கிடும் அளவை, ஒன்றிரண்டு கிளிக் முன்பக்கம் நகர்த்துங்கள். கார் நேராகப் போய்க்கொண்டே இருந்து திரும்ப மறுத்தால் பின்பக்கம் நகர்த்துங்கள். ஓட்டும்போதே மாற்ற முடிகிற அமைப்பு இது, அதனால் தாராளமாகச் சோதிக்கலாம்.

மெதுவான வளைவிலிருந்து வெளியேறும்போது பின் டயர் சுழன்றால் ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை (டயர் சுழலாமல் எஞ்சின் விசையைக் குறைக்கும் அமைப்பு) ஒரு படி கூட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நிஜ ஜிடி3 கார்களிலும் அது இருக்கிறது.

வேக வளைவுகளில் மட்டும், 9-வது வளைவு போன்ற இடத்தில், பின்பக்கம் லேசாகி மனதைக் கலக்கினால் அது ஏரோ பிரச்சினை, அதாவது காரைக் காற்று தரையோடு அழுத்துவது போதவில்லை. பின் இறக்கையை ஒரு படி கூட்டுங்கள். நேர்ப்பாதையில் கொஞ்சம் வேகம் குறையும், ஆனால் பயமின்றி ஆக்சிலரேட்டரை அழுத்தலாம் என்றால் சுற்று நேரம் பெரும்பாலும் குறையும். மெதுவான வளைவிலும் அதே வழுக்கல் இருந்தால் இறக்கையைத் தொடாதீர்கள். குறைந்த வேகத்தில் காற்று அழுத்தும் விசை சொற்பம். அங்கே பின் பாரை மென்மையாக்குவதுதான் வழி.

கேம்பர், டோ, டாம்பர், பம்ப் ஸ்டாப் எல்லாம் இப்போதைக்கு இருந்த இடத்தில் இருக்கட்டும். குறிப்பாக டாம்பர். நன்றாக ஓட்டுபவர்களே கடைசியில்தான் அங்கே போவார்கள்.

மாற்றம் பலித்ததா?

ஒரே ஒரு வேகமான சுற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்று சுற்றுகளின் நேரத்தையும் எழுதுங்கள். 1:45.2, 1:46.9, 1:45.4 என்று சிதறினால் அந்தச் செட்டப் உங்களை மீறிப் போகிறது. 1:45.6, 1:45.7, 1:45.5 என்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன், பந்தயம் ஒரு சுற்றில் முடிவதில்லை. பிடிக்கவில்லையா, முந்தைய எண்ணைத் திறந்து அங்கிருந்து மறுபடி கிளம்புங்கள். எண் போட்டுச் சேமிப்பது இதற்காகத்தான்.

கடைசியாக, பிடித்த செட்டப்பை 'பந்தயம்' என்ற பெயரில் ஒரு நகல் எடுத்து, பந்தயத்துக்குத் தேவையான முழு பெட்ரோலையும் போட்டுப் பத்து சுற்று ஓட்டுங்கள். எடை கூடியதால் டயர் அழுத்தம் சற்று மாறியிருக்கும், பிரேக் போடும் இடமும் முன்னால் வந்திருக்கும். அழுத்தத்தை மட்டும் மறுபடி 26-க்கும் 27-க்கும் இடையே கொண்டுவந்து சேமித்துவிடுங்கள்.