வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போய்ப் பழைய நகையும் பழம்பொருளும் வாங்கப் போகிறீர்களா?

தி.நகரில் ஒரு நகைக்கடையில் ஏறி, “ஆன்டிக் நகை இருக்கா?” என்று கேட்டேன். விற்பனைப் பையன் உடனே மூன்று தட்டு எடுத்து வைத்தான். மங்கலான தங்கம், கெம்புக்கல், நடுவில் லட்சுமி. பார்த்தால் பாட்டி காலத்து மாலை மாதிரியே இருந்தது. “இது எத்தனை வருஷப் பழசு தம்பி?” என்றேன். “போன வாரம்தான் வந்ததுக்கா. புது மாடல்” என்றான்.

அவன் ஏமாற்றவில்லை. நம் ஊர் நகைக்கடைகளில் ஆன்டிக் என்பது மெருகின் பெயர். பளபளப்பைக் குறைத்து, இடுக்குகளில் கறுப்பேற்றி, கோயில் சிற்ப மாதிரியில் செய்த புது நகை அது. வாங்குவதில் தவறே இல்லை. பழசு என்று நினைத்துக்கொண்டு வாங்குவதுதான் தவறு. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளும் இப்படித்தான். வெள்ளியின் மேல் தங்கத் தகடு ஒட்டிச் சிவப்புக் கல் பதிக்கும் அந்த வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. பரதநாட்டியம் ஆடும் பிள்ளைக்கு வேண்டுமென்றால் அதையே வாங்குங்கள்.

உண்மையான பழைய நகை ஏன் கடையில் கண்ணில் படுவதில்லை? நம் வீடுகளில் பழைய நகையை யாரும் நகையாக விற்பதில்லை. கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் புதுசு எடுப்பார்கள். கடைக்காரர் அதை உருக்கிவிடுவார். அடகில் மூழ்கி ஏலத்துக்கு வந்த நகையை ‘ராசியில்லை’ என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இந்த நம்பிக்கையும் உலையும் சேர்ந்து எத்தனையோ தோள்வங்கியையும் ராக்கொடியையும் தின்றிருக்கின்றன. 2021-இல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமான பிறகு, முத்திரையில்லாத பழைய உருப்படியை வைத்து விற்பதைவிட உருக்குவதே கடைக்காரருக்கு எளிது.

அதனால் மதுரை தெற்காவணி மூல வீதி போன்ற இடங்களில் ‘பழைய நகை’ என்று யாராவது காட்டினால் முதலில் கேட்க வேண்டியது வயதை அல்ல, எடையை. மொத்த எடை எவ்வளவு, கல்லும் அரக்கும் கழித்தால் நிகர எடை எவ்வளவு?

என் சித்தி மகள் ஒரு ஜோடி பாம்படம் வாங்கினாள். தென்மாவட்டத்துப் பாட்டிமார் காது வளர்த்துப் போட்டுக்கொண்ட, உருண்டையும் கட்டமுமாக இருக்கும் அதேதான். கையில் வைத்தால் கனமாக இருந்தது. அந்தக் கனத்துக்கே, பவுனுக்கு இவ்வளவு என்று விலை போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். ஊருக்கு வந்து எங்கள் பத்தரிடம் காட்டினோம். அவர் அதைக் காதருகே வைத்து நகத்தால் தட்டினார். “உள்ளே அரக்கு இருக்கு பாப்பா. மேலே இருக்கிறது தகடு” என்றார். சத்தம் மொத்தையாக இருந்தது, எங்களுக்கே கேட்டது. பாம்படத்தை அரக்கு அடைத்துத்தான் செய்வார்கள், அது வேலைப்பாட்டின் குறை அல்ல. அரக்குக்கும் தங்க விலை போட்டதுதான் அநியாயம். கையில் இருந்ததோ எஸ்டிமேட் சீட்டு. திருப்பிக் கேட்கப் போனபோது, “நம்ம கடைச் சீட்டே இல்லையே” என்று முடித்துவிட்டார்கள்.

ஆகவே பில். ஜிஎஸ்டி எண் போட்ட பில். நகைக்கு வரி 3 சதவீதம், அதை மிச்சம் பிடிக்கப் போய்ச் சீட்டில் வாங்காதீர்கள். 2 லட்சம் ரூபாய்க்கும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்தத் தொகைக்குப் பான் எண்ணும் கேட்பார்கள். பில்லில் மொத்த எடை, நிகர எடை, தரம் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். இன்னொன்று: பழைய நகைக்குச் சேதாரம் கேட்டால், “இப்போது நீங்கள் செய்யவே இல்லையே, எதற்குச் சேதாரம்?” என்று கேட்டுவிடுங்கள். பாதிக் கடைகளில் அந்த ஒரு கேள்விக்கே விலை இறங்கும்.

புது நகையாக இருந்தால் உள்பக்கம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 22 கேரட்டுக்கு 916, கூடவே எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்கள் கொண்ட, ஹெச்யூஐடி என்னும் நகையின் அடையாள எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த ஆறையும் தட்டினால் என்ன நகை, என்ன தரம் என்று வரும். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையை இந்த எண் இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. குந்தன், போல்கி போன்ற சில வகைகளுக்கு விலக்கு உண்டு. முத்திரையில்லாத பழைய உருப்படியை ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கடையில் வைத்திருக்கும் கேரட் மீட்டர் மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாம் கனமாக இருந்தால் அதுவும் ஏமாறும்.

செட்டிநாட்டு வைரக் கம்மல் தேடுகிறவர்கள் ‘ப்ளூ ஜாகர்’ என்ற சொல்லை நிச்சயம் கேட்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டெயின் சுரங்கத்திலிருந்து வந்த, லேசாக நீலம் ஓடும் கற்களுக்கு அமைந்த பெயர் அது. இன்று வெள்ளை வைரம் எதைக் காட்டினாலும் அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். பின்பக்கம் மூடிக் கட்டிய கல்லை, கழற்றாமல் எந்த ஆய்வகமும் முழுதாகச் சோதிக்க முடியாது. எனவே பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். மூடிய கட்டு நகையைத் தண்ணீரில் அலசவும் வேண்டாம். கல்லுக்கு அடியில் வைத்த தகட்டில் ஈரம் இறங்கினால் கல் செத்துப் போனது மாதிரி கறுத்துவிடும்.

பாத்திரம் பண்டம் என்றால் காரைக்குடிதான், முனீஸ்வரன் கோயில் தெரு. எனாமல் பூசிய அடுக்குச் சட்டி, மங்குச் சாமான், ஊறுகாய் ஜாடி, வெற்றிலைப் பெட்டி, மரப்பாச்சி, ரவிவர்மா அச்சுப்படம், பர்மாத் தேக்குக் கதவு என்று ஒரு தெருவுக்குள் ஒரு வீட்டையே கட்டிவிடலாம். பித்தளைச் சாமானின் கழுத்தையோ அடியையோ திருப்பிப் பாருங்கள். சீர்ப் பாத்திரமாக இருந்தால் இன்ஷியல் வெட்டியிருக்கும். அந்த எழுத்து, பல வருடம் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். எழுத்து கூர்மையாகவும் பாத்திரம் மட்டும் கறுப்பாகவும் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். சமைக்கப் போகிறீர்கள் என்றால் பித்தளைக்கு ஈயம் பூசிக்கொண்டே வாருங்கள், வெளிநாட்டில் அதற்கு ஆள் தேடி அலைய வேண்டாம்.

அங்கே ஒரு கடையில் மரத்தில் செதுக்கிய யாளி ஒன்றை விலை கேட்டேன்.

“நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா” என்றார்.

“அப்போ வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாதே.”

கொஞ்சம் யோசித்தார். “அப்படீன்னா எண்பதுன்னு வச்சுக்குங்க.”

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் விஷயம் சிரிப்பானது அல்ல. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி 100 வருடத்துக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கலைப்பொருள் எல்லாம் தொல்பொருள். சுவடிகளுக்கு 75 வருடமே போதும். இவற்றைத் தனியாள் எவரும் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அபராதம் வேறு. ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராஜரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசிய காட்சியகம் பல லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, 2014-இல் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அவர்களிடமும் ‘ஆவணம்’ இருந்தது.

விசித்திரம் என்னவென்றால், புதுசுக்கும் இந்தத் தொல்லை உண்டு. சுவாமிமலையில் போன வருடம் வார்த்த விக்கிரகம், தஞ்சாவூர் ஓவியம், பித்தளைக் குத்துவிளக்கு, எதுவானாலும் பழசு போலத் தெரிந்தால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். அதற்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கலாம். சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. பொருளின் படங்களோடு விண்ணப்பித்து, அவர்கள் பார்த்துத் தர வேண்டும். நாம் செய்யும் பெரிய தப்பு, கல்யாணம் கச்சேரி எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி இரண்டு நாளில் காரைக்குடிக்குப் போவது. முதல் வாரமே போய்விடுங்கள். சான்றைக் கடைக்காரரே வாங்கித் தருவதாகச் சொன்னால் பாதிப் பணம் கொடுங்கள், சான்றைப் பார்த்த பிறகு மீதி. அரசின் பூம்புகார் கைவினை விற்பனை நிலையத்தில் புதுசாக வாங்கினாலும் பில்லையும் சான்றையும் பெட்டிக்குள் போடாமல் கையில் வையுங்கள்.

தந்தச் சாமானும் புலிநகப் பதக்கமும் வேண்டவே வேண்டாம். எவ்வளவு பழசானாலும் வனவிலங்குச் சட்டத்தில் அவற்றின் விற்பனை குற்றம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மரச்சாமானை இறங்கும்போது அறிவிக்க வேண்டும். பூச்சித் துளை இருந்தால் அங்கேயே பறிபோகலாம்.

கடைசியாகச் சொந்த வீட்டுப் பீரோ. நிஜமான பழைய நகை அங்கேதான் இருக்கிறது, ஆனால் யாரும் கேட்பதில்லை. என் பெரியம்மா தன் அட்டிகையைக் கடையில் போடத் துணியில் முடிந்து வைத்திருந்தார். “உருக்கப் போறதா இருந்தா அந்த விலையை நான் தர்றேன் பெரியம்மா” என்றேன். கோபித்துக்கொண்டார், பிறகு கொடுத்தார். அதற்கு ஏது பில்? அரசு அங்கீகாரம் பெற்ற நகை மதிப்பீட்டாளரிடம் எடுத்துப் போய், எடை, தரம், கல் எண்ணிக்கை, படம் எல்லாம் போட்டு முத்திரையுடன் கடிதம் வாங்கினேன். ‘குடும்ப நகை’ என்று பெரியம்மாவும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு கொக்கி தேய்ந்திருந்தன. பத்தர் புதுசு வைத்துத் தந்தார், அதன் எடையையும் கடிதத்தில் தனியாக எழுத வைத்தேன்.