வேப்பங்கொட்டைச் சாற்றால் நுளம்புக் குடம்பியைக் கட்டுப்படுத்துவது எப்படி

ஐப்பசி மழை தொடங்கினால் தை வரை யாழ்ப்பாணத்தில் டெங்குக் காலம். அந்த நேரம் வேப்பிலையை அவித்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அடுத்த நாள் குடம்பி நெளிவதைக் கண்டு "வேம்பு வேலை செய்யாது" என்று கைவிடுபவர்கள் பலர். வேம்பில் பிழையில்லை. குடம்பியின் வளர்ச்சியைக் குழப்பும் அசாடிராக்டின் இலையில் மிகக் குறைவு, கொட்டைக்குள் இருக்கும் பருப்பில்தான் அது செறிந்திருக்கிறது. அவித்தால் சூட்டில் அதுவும் சிதைந்து போகும்.

சாறு எல்லா இடத்துக்கும் உரியதல்ல. கொட்ட முடிந்ததைக் கொட்டிக் கவிழ்த்து வைப்பதே முதல் வேலை. சிரட்டை, இளநீர்க் கோம்பை, யோகட் கோப்பை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு எதற்கும் சாறு வேண்டாம். கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தில் தேங்கும் தண்ணீரையும் இறைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர்தானே என்று விடக்கூடாது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் குடம்பி உவர்நீரிலும் வளரும் என்பது யாழ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. கட்டட வேலைக்குச் சேர்த்து வைத்த பரல், தோட்டத்துக்குப் பாய்ச்சும் தொட்டி, பாவிக்காத மலசலகூடத்தின் தண்ணீர்த் தாங்கி, மரப்பொந்து என்று கொட்ட முடியாத இடங்களுக்குத்தான் சாறு.

கிணற்றுக்குள் ஊற்றவே வேண்டாம். குடாநாட்டின் அடி சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் நிலத்தடி நீர் ஓடுகிறது, ஒரு வளவுக் கிணற்றில் ஊற்றியது அந்தக் கிணற்றோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. பாழ் கிணறாக இருந்தாலும் நுண்வலையால் மூடுங்கள், அல்லது சுகாதாரப் பணிமனையிடம் கேட்டு மீன் விடுங்கள். மலேரியாவைப் பரப்பக்கூடிய அனொபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரிலும் பிறகு யாழ்ப்பாணத்திலும் கிணறுகளில் காணப்பட்டிருக்கிறது. இலங்கைக்கு 2016இல் கிடைத்த மலேரியா ஒழிப்புச் சான்றைக் காப்பாற்ற வேண்டுமானால் கிணறுகளில் கண் இருக்க வேண்டும்.

வேப்பம்பழம் ஆனி, ஆடியில் விழும். மாரிக்கு வேண்டிய கொட்டையை அப்போதே சேர்க்க வேண்டும். மஞ்சளாகப் பழுத்து விழுந்ததை அன்றன்றே பொறுக்கி, தண்ணீரில் பிசைந்து சதையை நீக்கிக் கழுவுங்கள். சதையோடு குவித்து வைத்தால் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் பாய் விரித்து, குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் சத்தம் கேட்கும்வரை உலர்த்த வேண்டும். துணிப்பையிலோ கடகத்திலோ வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் வேர்த்துக் கெட்டுவிடும். பத்துக் கிலோ பழத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பருப்புத்தான் தேறும். அடுத்த ஆனி வந்தால் பழைய கொட்டையை நம்பாதீர்கள், புதிதாகச் சேருங்கள்.

சாறு எடுக்கும் நாளில் கொட்டையை உரலில் மெதுவாக இடித்துத் தோட்டை உடைத்து, சுளகில் புடைத்தால் பருப்பு பிரியும். ஒரு பருப்பைப் பிளந்து பாருங்கள். உள்ளே பச்சை ஓடியிருந்தால் நல்லது. கபிலமாகவோ கறுப்பாகவோ இருந்தால், பூஞ்சண மணம் வந்தால், எறிந்துவிடுங்கள்.

நல்ல பருப்பு 50 கிராம் நிறுத்து எடுத்து ரவைபோல் கொரகொரப்பாக இடியுங்கள். மாவாக அரைத்தால் எண்ணெய் கக்கிப் பசையாகும். கிரைண்டரில் அரைப்பதானால் விட்டுவிட்டு அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறும். பழைய பருத்திச் சீலைத் துண்டில் கட்டி, ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் மாலை ஆறு மணிக்கு ஊறப் போடுங்கள். காலை ஆறு மணிக்குப் பொட்டலத்தைப் பாலாக வரும்வரை பலமுறை பிழிந்து, இரண்டு மடிச் சீலையில் வடியுங்கள். இதுவே தாய்ச்சாறு. வடிப்பதில் சோம்பல் வேண்டாம். தூள் தொட்டிக்குள் போனால் அடியில் அழுகி நாறும், அழுகல் தண்ணீரோ கியூலெக்ஸ் நுளம்பை முட்டையிட வரச்சொல்லும். ஈடிஸை விரட்டி இன்னொன்றை அழைத்த கதையாகிவிடும். பிழிந்த சக்கையை வாழைக்கோ செவ்வரத்தைக்கோ அடியில் போடலாம்.

ஊறவைக்க மழைத்தண்ணீரே சிறந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. காரத்தில் அசாடிராக்டின் விரைவாகச் சிதையும். தாய்ச்சாற்றை எடுத்த அன்றே பாவித்து முடியுங்கள். மறுநாளுக்கு வைத்தால் புளித்துப்போகும்.

தொட்டிக்கு எவ்வளவு ஊற்றுவது? மரத்துக்கு மரம், ஆண்டுக்கு ஆண்டு பருப்பின் வீரியம் மாறும். ஆகையால் ஒவ்வொரு ஆண்டும் கொட்டை சேர்ந்ததும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது வீண்வேலையல்ல. ஐந்து கண்ணாடிக் குவளைகள் எடுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர் 200 மில்லிலீற்றர். மற்ற நான்கில் 2, 5, 10, 20 மில்லிலீற்றர் தாய்ச்சாறு விட்டு, ஒவ்வொன்றையும் தண்ணீரால் 200க்கு நிரப்புங்கள். தொட்டியிலிருந்து இளம் குடம்பிகள் குவளைக்கு 20. மீன் தீனி ஒரு கிள்ளு. வாயை நுளம்பு வலைத்துண்டால் கட்டாயம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே நுளம்பு வளர்த்து விட்டதாகும். நிழலில் வைத்துப் பத்து நாள் பாருங்கள். வெறும் தண்ணீரில் நான்குக்கு மேல் செத்தால் அந்தச் சோதனையைத் தள்ளிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். ஒரு நுளம்பும் பறக்காத குவளைகளில் சாறு குறைந்தது எதுவோ அதுவே உங்கள் அளவு.

இந்தப் பத்து நாளில் குவளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உற்றுப் பார்த்தால் வேம்பு எப்படி வேலை செய்கிறது என்று விளங்கும். முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு குடம்பிகள் மந்தமாகும், தட்டினாலும் அடிக்கு ஓடாது. தோல் கழற்றும் நேரம் வரும்போது சில, பழைய தோல் வாலில் ஒட்டியபடி செத்து மிதக்கும். சில, தலை கூட்டுப்புழுவாகவும் வால் குடம்பியாகவும் பாதியில் நின்றுவிடும். அசாடிராக்டின் தோலுரிப்பைக் கட்டளையிடும் சுரப்பைக் குழப்புகிறது. அதனால் மறுநாளே சாகவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள், ஒரு கிழமை பொறுங்கள்.

கணக்கு இப்படி: 5 மில்லிலீற்றர் குவளை வென்றால், லீற்றருக்கு 25 மில்லிலீற்றர். பரலில் 100 லீற்றர் தண்ணீர் நின்றால் இரண்டரை லீற்றர் தாய்ச்சாறு, அதற்குப் பருப்பு 125 கிராம். சீமெந்துத் தொட்டியின் நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் மீற்றரில் அளந்து பெருக்கி, 1,000ஆல் பெருக்கினால் லீற்றர் வரும். 1 மீற்றர் நீளம், 0.8 அகலம், 0.5 ஆழம் என்றால் 400 லீற்றர். 10 லீற்றர் சாறு, அரைக் கிலோ பருப்பு. இதற்கு மேல் பெரிய தொட்டிக்கு மூடியோ வலையோ போடுவதுதான் புத்தி.

ஊற்றுவதற்கு முன் தொட்டியின் உட்சுவரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயும் தும்பால் தேயுங்கள். ஈடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், அதைச் சாறு ஒன்றும் செய்யாது. மாலையில் ஊற்றிக் கலக்கி, முடிந்தால் கிடுகால் மறையுங்கள், வெயில் அசாடிராக்டினைச் சிதைக்கும். கிழமைக்கு ஒருமுறை திரும்ப ஊற்ற வேண்டும். மழையில் தொட்டி வழிந்தால் அடுத்த நாளே.

கூட்டுப்புழு வேறு விஷயம். காற்புள்ளிபோல் வளைந்து துள்ளும் அது ஒன்றும் உண்பதில்லை, குடம்பிப் பருவத் தோலுரிப்பும் முடிந்துவிட்டது. இரண்டு நாளில் பறந்துவிடும். கூட்டுப்புழு நிறைந்த தொட்டிக்குச் சாறு ஊற்றிப் பயனில்லை. வலைக்கரண்டியால் அள்ளி மண்ணில் கொட்டுங்கள், பிறகு சாறு ஊற்றுங்கள்.

வேப்பெண்ணெய் கையில் இருந்தால், லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் எண்ணெயைச் சவர்க்காரக் கரைசலோடு அடித்துக் கலந்து, தாய்ச்சாற்றைப் போலவே குவளையில் சோதித்துப் பாவிக்கலாம். கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைக் கசடாகத் திரளும், எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். இங்கும் மழைத்தண்ணீரே வேண்டும்.

அன்னமுன்னா விதையும் குடம்பியைக் கொல்லும், வேம்பைவிடக் கடுமையாகவே. ஆனால் அதன் தூள் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும், மீனையும் கொல்லும். சிறுவர் ஓடியாடும் வளவில் வேண்டாம். மஞ்சள் அலரி, புகையிலை இரண்டையும் தொடவே கூடாது, இரண்டும் மனிதருக்கு நஞ்சு. நொச்சி, துளசி இலைத் தண்ணீர் வீட்டு அளவில் வலுப்போதாது.

வேப்பஞ்சாறு கலந்த தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ ஆடு மாட்டுக்கு வைக்கவோ கூடாது. குளத்திலும் வயலிலும் ஊற்றினால் நுளம்புக் குடம்பியைத் தின்னும் தும்பியின் குஞ்சும் கெடும். சுகாதாரப் பணிமனையினர் அபேற் என்ற குடம்பிக்கொல்லி மருந்தை இட்டுச் சென்ற தொட்டிக்கு மேலே சாறு ஊற்ற வேண்டியதில்லை. பரிசோதகர் வரும்போது "வேப்பஞ்சாறு ஊற்றியிருக்கிறேன்" என்று சொன்னாலும், தண்ணீரில் குடம்பி இருந்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி பொறுப்பு வளவுக்காரருடையதே. ஆகவே ஊற்றிய நாளையும் அளவையும் தொட்டிச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள், ஏழாம் நாள் அங்கேயே பார்த்துத் திரும்ப ஊற்றலாம்.