பழைய வீட்டு டிவியை அடையாளம் காண்பது எப்படி? முகப்பை அல்ல, முதுகை நம்புங்கள்

குமரி மாவட்டத்தில் பழைய டிவி தேடுகிறவர்கள் கடை கடையாக அலைவதைவிட, வீடு பொளிக்கிற (இடிக்கிற) இடத்துக்குப் போவது மேல். பங்கு பிரித்து முடிந்ததும் கட்டில், பத்தாயம், நிலைக்கதவு எல்லாவற்றையும் மர வியாபாரி விலை பேசிவிடுவார். உருளியும் குத்துவிளக்கும் பாத்திரக் கடைக்குப் போகும். டிவியை யாரும் கேட்பதில்லை. அது கடைசியாக ஆக்கர் கடை (பழைய சாமான் கடை) வண்டியில் ஏறும். அந்த வண்டி வருவதற்குள் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் தெரிந்த மர வியாபாரி ஒருவரிடம் சொல்லி வைத்தால் போதும்.

கையில் டார்ச், பூதக்கண்ணாடி, ஒரு பழந்துணி. ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம், காரணம் பின்னால்.

முதல் படி: முன்பக்கத்தைப் பாருங்கள், நம்பாதீர்கள்

மரப்பெட்டி, இழுத்து மூடும் ஷட்டர், 'டக் டக்' என்று திரும்பும் சானல் குமிழ் இருந்தால் பெரும்பாலும் 1970களின் கடைசியிலோ 80களிலோ வந்த கறுப்பு வெள்ளை செட். குமிழைச் சுற்றி 2 முதல் 12 வரை எண்கள் இருக்கும். குமிழுக்குப் பதில் வரிசையாகப் பொத்தான்கள் இருந்தால் கொஞ்சம் பிந்தையது. ரிமோட்டோடு வந்தது இன்னும் பிந்தையது.

டிவி கம்பெனிகளில் டயனோரா, சாலிடேர் இரண்டும் சென்னைக்காரர்கள். இசி ஹைதராபாத். நம் பக்கத்தில் கேரள அரசின் கெல்ட்ரானும் கண்ணில் படும், திருவனந்தபுரம் கூப்பிடு தூரம்தானே. ஆனால் பெயர்ப்பலகை சும்மா ஒட்டியதாகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் பாகங்களை வாங்கி உள்ளூரிலேயே அசெம்பிள் செய்த செட்டுகள் ஏராளம்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். இரணியல் பக்கம் ஒரு வீட்டுச் சாய்ப்பில், ஓலைக் கீற்றுக்கு அடியில் ஷட்டர் வைத்த டிவி. முகப்பில் தங்க எழுத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியின் பெயர். வீட்டுப் பாட்டா சிரித்தார்: "மக்களே, அதுல படம் வராது, பல்லிதான் வரும்." 1,500 ரூபாய் கொடுத்துத் தூக்கி வந்தேன். மெக்கானிக் முதுகைத் திறந்ததும் பல்லி வந்தது. அதற்குப் பின்னால், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று அச்சிட்ட பிக்சர் டியூப், அதாவது படம் காட்டும் கண்ணாடிக் குழாய். போர்டு முழுக்கக் கையால் வைத்த சால்டர். மூடியின் உட்பக்கத்தில் பென்சிலில், 'பிக்சர் ரோல், 12-8-88' (படம் மேலும் கீழும் ஓடுகிற பழுது). ஜப்பானைவிட எனக்கு இப்போது அந்தப் பென்சில் எழுத்துதான் பிடித்திருக்கிறது.

இரண்டாவது: முதுகு

ஆன்டெனா செருகும் இடம் முக்கியம். தட்டையான ரிப்பன் வயரை முறுக்கி வைக்க இரண்டு திருகுகள் மட்டும் இருந்தால் பழைய ரகம். வட்டமான சாக்கெட் மட்டும் இருந்தால் அதற்குப் பிந்தையதாக இருக்கலாம். லேபிளில் பால் (PAL), சீகாம் (SECAM) என்று இரண்டு கலர் ஒளிபரப்பு முறைகளும் எழுதியிருந்தால் யாரோ வளைகுடாவிலிருந்து கொண்டு வந்தது என்று யூகிக்கலாம். இந்தியாவில் அப்போது பால் முறை மட்டும் போதும்.

மூடியின் காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்தால் சில சமயம் டியூப் ஸ்டிக்கரின் எண் தெரியும். அது 'பி4' (P4) என்று முடிந்தால் கறுப்பு வெள்ளை, 'பி22' (P22) என்றால் கலர். ஐரோப்பிய முறையில் 'ஏ51' போல ஆரம்பிக்கும். 51 என்பது திரையின் மூலைவிட்டம், சென்டிமீட்டரில். அதன் கடைசி எழுத்து டபிள்யூ என்றால் கறுப்பு வெள்ளை, எக்ஸ் என்றால் கலர். எண் தெரியாவிட்டால் திரையை ஒட்டி டார்ச் பிடித்து பூதக்கண்ணாடியில் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் கலர். இந்தியாவில் கலர் ஒளிபரப்பு வந்தது 1982இல். அதற்கு முந்தைய இந்தியத் தயாரிப்புக் கலர் செட் என்று யாராவது விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அப்புறம் மர மூட்டுகளைத் தட்டிப் பாருங்கள். செல் அரித்திருந்தால் சத்தம் பொள்ளென்று கேட்கும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர வீடு என்றால் சேசிஸில் (உள்ளே பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டத்தில்) உப்புத் துரு கட்டாயம் இருக்கும். அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மூன்றாவது: காகிதமும் மொட்டை மாடியும்

ஒரு காலத்தில் டிவி வைத்திருக்க தபால் ஆபீசில் லைசன்ஸ் கட்ட வேண்டும். 1980களின் நடுவில் அதை ஒழித்தார்கள். மேசை டிராயரில் அந்த லைசன்ஸ் புத்தகம் கிடைத்தால் டிவியோடு சேர்த்துக் கேளுங்கள், வயதுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. மாடியில் ஆன்டெனா பைப் இன்னும் நின்றால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். வடமேற்கு என்றால் திருவனந்தபுரம். தென்கிழக்கு என்றால் இலங்கை ரூபவாஹினி, 1982இல் ஆரம்பித்தது. விலைக்கு இது உதவாது, எனக்கு ஆசை அவ்வளவுதான்.

நான்காவது: பிளக்கில் செருகாதீர்கள்

"எரியுதான்னு பாத்துருவோமே" என்று வீட்டுக்காரர் வயரை எடுப்பார். தடுத்துவிடுங்கள். பல வருடம் சும்மா கிடந்த கண்டன்சர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) கரண்ட் பட்டதும் வெடிக்கலாம். கரண்ட் வரும் வழியில் ஒரு பல்பைத் தொடராக இணைத்து (சீரிஸ் பல்பு) மெக்கானிக் பார்க்கட்டும். திறப்பதும் அவர் வேலை. கலர் டியூபில் 25,000 வோல்ட் வரை வரும், அணைத்த பிறகும் உள்ளே தங்கும். சில பழைய செட்டுகளில் சேசிஸிலேயே மெயின் கரண்ட் ஓடும்.

தூக்கும்போது திரை உங்கள் நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும், கனமெல்லாம் கண்ணாடிப் பக்கம்தான். பின்னால் நீளும் டியூப் கழுத்து இடிபட்டால் எல்லாம் முடிந்தது. ஆட்டோவில் இரண்டு பேராக ஏற்றுங்கள்.

கிளம்பும் முன் கிடந்த இடத்தில் ஒருமுறை டார்ச் அடியுங்கள். கழன்ற குமிழ் பெரும்பாலும் அங்கேயேதான் கிடக்கும். ஷட்டர் சாவியை வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், சாமி அறை ஆணியில் தொங்கும்.