இஷ் ஸ்மித்தின் 13 ஜெர்சிகளை வாசிப்பது எப்படி

கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள எல்லோரும் முதலில் பார்ப்பது புள்ளிக் கணக்குதான். நான் பக்கத்தின் அடிக்குப் போய்விடுவேன். எந்தத் தேதியில் எந்த அணி சேர்த்தது, எந்தத் தேதியில் விட்டது, யாருக்குப் பதில் யாரைக் கொடுத்தது என்று வரி வரியாக ஒரு பட்டியல் அங்கே கிடக்கும். பெரிய நட்சத்திரங்களுக்கு அது நாலு வரியில் முடிந்துவிடும். டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை இரண்டு சுற்றாகப் பெயர் வாசித்து எடுக்கும் நாள்) பெயர் வராமல், அணி அணியாக மாறி ஆடிய ஒரு கார்டுக்கு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) அந்தப் பட்டியல்தான் வாழ்க்கை. அதை எப்படிப் படிப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் மென்பொருள்காரன். ஹூஸ்டன், ஃபீனிக்ஸ், சார்லட், பிறகு டெட்ராய்ட் பக்கத்தில் நோவை என்ற ஊர் என்று ப்ராஜெக்ட் போன இடமெல்லாம் வீட்டைத் தூக்கிக்கொண்டு போனவன். வெள்ளிக்கிழமை மாலை ஒரு மின்னஞ்சல் வரும்; திங்கட்கிழமை வேறு ஊரில் வீடு தேடிக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு வாரத்தில்தான் இஷ் ஸ்மித்தின் பட்டியலை முதன்முதலாக முழுதாகப் படித்தேன். நான் இருந்த நாலு ஊரிலும் அவர் ஆடியிருந்தார். அன்றிலிருந்து அவரை விட்டதில்லை.

அவரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வட கரோலினாக்காரர். ஆறடி உயரம், அதாவது இந்த ஆட்டத்தில் குள்ளம். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் பாயின்ட் கார்டாக ஆடினார். 2010 ஜூனில் நடந்த டிராஃப்டில் 60 பெயர் வாசித்தார்கள். அவர் பெயர் இல்லை. அதற்கப்புறம் 14 சீசன், 13 அணி. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. வரலாற்றில் இத்தனை அணிக்கு ஆடியவர் வேறு யாரும் இல்லை.

ஒரு நீள நோட்டு எடுங்கள். பக்கத்தை நாலாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்: தேதி, வினை, யாருக்காக, அவருக்கு முன்னால் யார். கடைசிக் கட்டத்தை நிறையப் பேர் போட மாட்டார்கள். அது இல்லாமல் மற்ற மூன்றும் விளங்காது.

முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். சைன் செய்தார்கள் (ஒப்பந்தம் போட்டார்கள்), டிரேட் செய்தார்கள் (வேறு அணியோடு ஆள் மாற்றினார்கள்), வெய்வ் செய்தார்கள் (விடுவித்தார்கள்), க்ளெய்ம் செய்தார்கள். வெய்வ் என்று கண்டதும் சிவப்பு மையில் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள். ஒரு அணி ஆட்டக்காரரை விடுவித்தால் அவர் 48 மணி நேரம் பொதுவில் நிற்பார். அந்த நேரத்துக்குள் வேறு அணி அவரை அதே ஒப்பந்தத்தோடு எடுத்துக்கொள்ளலாம், அதுதான் க்ளெய்ம். யாரும் எடுக்காவிட்டால் அவர் யாரோடும் பேசலாம். ஆகவே வெய்வ் என்ற வரியைத் தனியாகப் படிக்கக் கூடாது, அடுத்த வரியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதை ஓரத்தில் எழுதுங்கள்.

2011 டிசம்பரைப் பாருங்கள். மெம்ஃபிஸ் அணி ஸ்மித்தை விட்டது. கோல்டன் ஸ்டேட் அணி க்ளெய்ம் செய்தது. அதே மாதம் அதே கோல்டன் ஸ்டேட் ஜெரமி லின்னை விட்டிருந்தது. அவரும் 2010 டிராஃப்டில் பெயர் வராத கார்டுதான். டிஆண்ட்ரே ஜோர்டன் என்ற வேறு அணி ஆட்டக்காரருக்கு விலை பேச அவர்களுக்குச் சம்பள வரம்பில் இடம் தேவைப்பட்டது, அதனால் லின் போனார். ஹூஸ்டன் எடுத்தது, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விட்டது. நியூயார்க் எடுத்தது. பிப்ரவரி 4 அன்று நெட்ஸுக்கு எதிராக அவர் 25 புள்ளி போட்டதும் ஊரே திரும்பிப் பார்த்தது. டிசம்பர் வரிகளை மட்டும் படித்தவர்கள் லின் கதை முடிந்தது என்றுதான் எழுதியிருப்பார்கள்.

அடுத்தது தேதி. நம் பஞ்சாங்கத்தில் நாள் பார்ப்பது போல இதிலும் பார்க்க வேண்டும். ஜூன் கடைசியில் டிராஃப்ட். ஜூலையில் லாஸ் வேகஸில் புதியவர்களைச் சோதிக்கும் சம்மர் லீக். அக்டோபரில் பயிற்சிக் கேம்ப், இருபது பேர் போல இருக்கும் கூட்டத்தை 15 பேராகக் குறைப்பார்கள். ஜனவரி 5 முதல் பத்து நாள் ஒப்பந்தம் கொடுக்கலாம். ஒரே அணி ஒருவருக்கு இரண்டு தடவைதான் அப்படிக் கொடுக்கலாம், மூன்றாவது என்றால் சீசன் முழுக்கச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜனவரி 10 அன்று உறுதி செய்யப்படாத சம்பளமெல்லாம் உறுதியாகிவிடும். வெய்வில் 48 மணி நேரம் ஓடி முடிய வேண்டுமே, அதனால் ஜனவரி 7 அன்று நிறைய வீட்டில் தொலைபேசி அடிக்கும். பிப்ரவரியில் டிரேட் கெடு. மார்ச் 1-க்குப் பிறகு வெய்வ் ஆனவர் வேறு அணிக்காக ப்ளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்கான சுற்று) ஆட முடியாது. இந்தத் தேதிகளுக்கு நெருக்கத்தில் விழும் வரியில் பெரும்பாலும் ஆட்டத்தைவிடக் காசுக் கணக்குதான் பேசும். 2017-18 முதல் டூ-வே ஒப்பந்தம் வந்தது. பெரிய அணியிலும் அதன் ஜி லீக் (கீழ்நிலை லீக்) அணியிலும் மாறி மாறி ஆடலாம். அலெக்ஸ் கரூசோவும் ஆஸ்டின் ரீவ்ஸும் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். ஸ்மித் வந்தபோது அந்த வாசலே கிடையாது.

சரி, இப்போது டிரேட். நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது இதைத்தான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். டிரேட் வாக்கியத்தில் அவர் பெயர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2011 பிப்ரவரியில் ஹூஸ்டனிலிருந்து மெம்ஃபிஸ் போனார். அந்தச் செய்தியின் நாயகன் ஷேன் பேட்டியர், ஸ்மித் கூடப் போனவர். 2013 பிப்ரவரியில் ஆர்லாண்டோவிலிருந்து மில்வாக்கி. அந்த வாக்கியத்தில் ஜே.ஜே. ரெடிக் முதலில், ஸ்மித் கடைசியில். ஆறு மாதம் கழிந்ததும், ஆகஸ்டில் கரோன் பட்லருக்காக ஃபீனிக்ஸுக்கு அனுப்பப்பட்ட இருவரில் ஒருவர். மூன்று தடவையும் காய்கறியோடு போட்டுக் கொடுக்கும் கறிவேப்பிலைதான்.

2014-15 சீசன் அதைவிட அலைச்சல். ஹூஸ்டன் டிசம்பரில் விட்டது, ஓக்லஹோமா சிட்டி எடுத்தது. பிப்ரவரி டிரேட் கெடு அன்று அந்த அணிக்கு டி.ஜே. அகஸ்டின் என்ற கார்டு வந்தார். இடம் காலி செய்ய ஸ்மித்தை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார்கள். நியூ ஆர்லியன்ஸ் ஒரு ஆட்டம்கூட ஆட விடாமல் வெய்வ் செய்தது. ஃபிலடெல்ஃபியா க்ளெய்ம் செய்தது. அங்கே நன்றாக ஆடியும் கோடையில் ஒப்பந்தம் தரவில்லை. வாஷிங்டன் கேம்புக்குப் போனார், அக்டோபரில் விட்டார்கள், இரண்டே நாளில் நியூ ஆர்லியன்ஸ் மறுபடி எடுத்தது. இந்த வரிகளை எழுதும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அட்டைப் பெட்டியும் டேப்பும் ஞாபகம் வரும். பிரிக்காத பெட்டியை அப்படியே அடுத்த ஊருக்கு ஏற்றியிருக்கிறேன்.

இப்போது அடுத்த வரி. 2015 டிசம்பர் 24. ஃபிலடெல்ஃபியா 31 ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்திருந்தது. கோடையில் தாங்களே போகவிட்ட ஸ்மித்தை நியூ ஆர்லியன்ஸிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். கொடுத்த விலை இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமை. வாக்கியத்தில் வேறு ஆட்டக்காரர் பெயரே இல்லை, அவர் மட்டும்தான். எந்த டிராஃப்டில் அவர் பெயர் வரவில்லையோ, அதன் இரண்டு இடத்தை ஒரு அணி அவருக்காகக் கொடுத்தது. இரண்டு நாள் கழித்து ஃபீனிக்ஸில், அவருடைய பழைய ஊரில், அந்த அணி இரண்டாவது வெற்றியைப் பெற்றது. அந்தப் பாதி சீசனில் அவர் சராசரியாக ஆட்டத்துக்கு 14-க்கு மேல் புள்ளியும் ஏழு அசிஸ்டும் (சகாவைக் கூடை போடவைக்கும் பாஸ்) எடுத்தார். அணி கடைசியில் 10 வெற்றி, 72 தோல்வி. அதைக் காட்டி அந்த எண்களைத் தள்ளுபவர்கள் உண்டு. நான் தள்ள மாட்டேன். தோற்கிற அணியிலும் பந்தை யாராவது எதிர்முனைக்குக் கொண்டுபோயாக வேண்டும். 2016 கோடையில் டெட்ராய்ட் மூன்று வருடத்துக்கு 1.8 கோடி டாலர் என்று சைன் செய்தது.

இதிலிருந்து கிடைக்கும் இன்னொரு வேலை: திரும்ப வரும் பெயர்களை வட்டமிடுங்கள். ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன், சார்லட். ஐந்து அணி அவரை இரண்டாவது தடவை கூப்பிட்டிருக்கின்றன. பட்டியலில் எனக்குப் பிடித்த கணக்கு இதுதான். ஒரு தடவை சேர்ப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், யாருக்காவது கணுக்கால் சுளுக்கியிருக்கும். போகவிட்டவரை மறுபடி கூப்பிட்டால், உள்ளே இருந்து பார்த்தவர்கள் எதையோ ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என் பழைய கிளையன்ட் ஒருவர் இரண்டு வருடம் கழித்துப் போன் செய்து, "உடனே வர முடியுமா?" என்று கேட்ட நாளில் எனக்கு வந்த சந்தோஷம் எந்தச் சம்பள உயர்விலும் வந்ததில்லை.

நாலாவது கட்டம், அவருக்கு முன்னால் யார். ஃபீனிக்ஸில் கோரன் டிராகிச்சும் எரிக் பிளெட்சோவும். டெட்ராய்டில் ரெஜி ஜாக்சன். ஜாக்சனுக்கு முழங்கால் சரியில்லாததால் 2016 சீசன் தொடக்கத்தில் ஸ்மித்தான் முதல் ஐவரில் இறங்கினார். வாஷிங்டனில் ஜான் வால் காயத்தால் 2019-20 முழுக்க ஆடவில்லை. அங்கே முதல் ஐவரில் இறங்கிய கார்டு ஐசயா தாமஸ். தாமஸ் 2011 டிராஃப்டின் 60-வது பெயர், கடைசிப் பெயர். பிப்ரவரியில் தாமஸ் போனார், ஸ்மித் இருந்தார். பேக்கப் கார்டின் (முதல் ஐவருக்கு மாற்றாக இறங்குபவர்) எண்களைப் படிக்கும்போது முன்னால் நிற்பவரின் உடல்நிலையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிமிடம் குறைந்த வருடத்தை அவர் மங்கிய வருடம் என்று எழுதிவிடக் கூடாது.

பட்டியல் படித்த பிறகு ஆட்டத்தைப் பாருங்கள். பேக்கப் கார்டைப் பார்க்க வேண்டிய நேரம் பெரும்பாலும் இரண்டாவது கால் பகுதியின் தொடக்கம். முதல் ஐவர் உட்கார, பெஞ்சு எழும் நேரம். 2018 ஜனவரியில் டெட்ராய்டின் லிட்டில் சீசர்ஸ் அரங்கில் நண்பர் கொடுத்த டிக்கெட்டில் கொஞ்சம் கிட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரணி எறிந்த பந்து வளையத்தில் பட்டு எகிறியது. ஆண்ட்ரே டிரம்மண்ட் அதைப் பிடிக்கும் முன்பே ஸ்மித்தின் கால் திரும்பிவிட்டது. பந்து வந்தபோது அவர் நின்று வாங்கவில்லை. ஓட்டத்திலேயே, இடுப்பு உயரத்தில், கை நீட்டி வாங்கினார். நாலே தட்டில் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டார். அதுவரை நானும் டிவியில் அவரை வெறும் வேகக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். கிட்டத்தில் பார்த்தால் வேறு. நடுக்கோடு தாண்டியதும் அரை நொடி நிமிர்ந்தார், தோளைத் தளர்த்தினார். காப்பவரும் தளர்ந்தார். அந்த அரை நொடிக்குள் மறுபடி குனிந்து பாய்ந்து, ஃப்ரீ த்ரோ கோட்டின் மூலையில் சட்டென்று நின்று எறிந்தார். மூன்று புள்ளி எறிதல் அவருக்குப் பெரிய பலம் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும், காப்பவர் இரண்டடி பின்னால் நிற்பார். அந்த இரண்டடியை அவர் ஓட்டம் எடுக்கும் இடமாக மாற்றிக்கொண்டார். ஆகவே பந்தை மட்டும் துரத்தாதீர்கள்; ரீபவுண்ட் (வளையத்தில் பட்டு எகிறிய பந்து) கைக்கு வரும் நொடியில் கார்டின் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.

2022 ஜூலையில் மறுபடி கூடப் போகும் பெயர்: கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்போடு வாஷிங்டனிலிருந்து டென்வருக்கு. அதுதான் 13-வது ஜெர்சி. முன்னால் ஜமால் மரி. பிப்ரவரியில் டெட்ராய்டின் பழைய ரெஜி ஜாக்சனும் அங்கே வந்து சேர்ந்தார். ஸ்மித் 43 ஆட்டம் ஆடினார், ப்ளேஆஃபில் பெரும்பாலும் பெஞ்சில். 2023 ஜூன் 12 அன்று டென்வர் சாம்பியன். பிறகு சார்லட்டுக்குத் திரும்பி ஒரு சீசன், அவர் சொந்த ஊர்ப் பக்கம்.

இனி நீங்கள் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த டிராஃப்ட் இரவில் கடைசிப் பெயர் வாசித்ததும் டிவியை அணைக்காதீர்கள். 2016-ல் ஃப்ரெட் வான்வ்ளீட் இரண்டாம் சுற்றில் வந்த குறைந்த சம்பளப் பேச்சை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, பெயர் வராமலே இருந்து டொராண்டோவைத் தேடிக்கொண்டார். 2019 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் 22 புள்ளி போட்டுக் கோப்பை வாங்கினார். அப்படிப் பெயர் வராதவர்களோடு அந்த இரவிலேயே அணிகள் பேச்சை முடித்து, அவர்கள் பெயர்கள் வர ஆரம்பிக்கும். அதில் ஆறடி சுற்றியுள்ள ஒரு கார்டு, நாலு வருடம் கல்லூரியில் ஆடியவர், அசிஸ்ட் அதிகம், டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) கம்மி என்று ஒருவர் இருப்பார். அவர் பெயரைப் பக்கத்தின் மேலே எழுதி, கீழே நிறைய வரி விடுங்கள். அக்டோபர் மூன்றாவது வாரத்தில், கேம்பில் ஆள் குறைக்கும் நேரத்தில், நோட்டைத் திறந்து பாருங்கள்.