மினியேச்சர் படையை வண்ணம் தீட்டக் கொடுக்கும்போது: பேச வேண்டியதும் நடந்துகொள்ள வேண்டியதும்

மேசைப் போர் விளையாட்டுக்கான சின்னஞ்சிறு பொம்மைப் படையைக் கூலிக்குத் தீட்டித் தரும் பெயிண்டரிடம், ‘நீலப் படை, பார்க்க நன்றாக இருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதி 40 சிப்பாய்களை அனுப்பிவைத்தால், திரும்பி வருவது உங்கள் மனதில் இருந்த படையாக இருக்காது. சிட்டாடல் என்ற பெயிண்ட் வரிசையில் மட்டுமே பத்துக்கு மேற்பட்ட நீலங்கள் உண்டு. எந்த நீலம், குழிவுகளில் என்ன நிழல், விளிம்புகளில் ஹைலைட் (வெளிர்நிறக் கோடு) வேண்டுமா என்பதை நீங்கள் சொல்லாவிட்டால் பெயிண்டரே முடிவு செய்வார். பிறகு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. கமிஷனில், அதாவது இப்படிக் கூலிக்குத் தீட்டக் கொடுப்பதில், வரும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை, தூரிகை தொடுவதற்கு முன்பே பேசியிருக்க வேண்டியதைப் பேசாமல் விட்டதால் வருபவைதான்.

யாரிடம் கொடுப்பது

ஒற்றைத் தளபதியின் அழகான படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மாதம் செலவழித்து ஒரு பொம்மையை மின்னவைப்பது வேறு, ஒரே மாதிரியான பத்துச் சிப்பாய்களைப் பிசிறில்லாமல் முடிப்பது வேறு. உங்களுக்குத் தேவை இரண்டாவது. எனவே முழு அணியின் படங்களைக் கேளுங்கள், முதுகுப் பக்கமும் தெரிய வேண்டும். பெல்ட்டும் அங்கியும் சேரும் கோடு, பேஸின் (பொம்மை நிற்கும் அடித்தட்டின்) விளிம்பு, அக்குளின் உள்பகுதி ஆகிய இடங்களில் ஒருவருடைய கைப்பழக்கம் தெரிந்துவிடும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி இருக்கும். சிலர் துருவும் சேறுமாக எண்ணெய் வாஷ் (குழிவுகளில் தேங்கும் நீர்த்த நிறம்) போட்டு அழுக்காக்குவார்கள், சிலர் கத்தி போன்ற விளிம்பு ஹைலைட்டுகளால் பளிச்சென்று முடிப்பார்கள். ஒருவரிடம் போய் ‘இன்னொருவரைப் போலச் செய்து தாருங்கள்’ என்று கேட்பது அவமதிப்பு, விளைவும் அரைகுறையாகவே வரும். அந்தப் பாணி வேண்டுமென்றால் அந்த ஆளிடமே போங்கள்.

முதல் செய்தி

‘ஒரு படைக்கு எவ்வளவு?’ என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. கீழே உள்ளது போல எழுதினால் ஒரே பதிலில் விலையும் காலமும் கிடைத்துவிடும் (28 மி.மீ. என்பது பொம்மையின் உயர அளவு, பிரைமர் என்பது பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு, ஸ்ப்ரூ என்பது வெட்டாத பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டம், டேபிள்டாப் என்பது மேசையில் விளையாடப் போதுமான தரம்):

“வணக்கம். 28 மி.மீ. அளவில் 30 காலாள், 5 குதிரைவீரர், 1 தளபதி, 1 டாங்க். எல்லாம் பிளாஸ்டிக், தளபதி மட்டும் ரெசின். காலாள் ஒட்டப்பட்டிருக்கிறார்கள், பிரைமர் அடிக்கவில்லை. மற்றவை ஸ்ப்ரூவிலேயே இருக்கின்றன. காலாளுக்கு உங்கள் டேபிள்டாப் தரம் போதும், தளபதிக்கு அதற்கு மேல் வேண்டும். நிறத்துக்கான படங்களை இணைத்திருக்கிறேன். நான் ஒதுக்கியிருக்கும் தொகை இவ்வளவு. நாலு மாதத்தில் கிடைத்தால் நல்லது, அவசரமில்லை. உங்கள் வரிசையில் இடம் இருக்கிறதா?”

தொகையை மறைத்துவைப்பதில் லாபம் எதுவும் இல்லை. தெரிந்தால்தான் ‘இதற்குள் கண்கள் வரையலாம், சின்னங்களைக் கையால் வரைய முடியாது’ என்று அவரால் வழி சொல்ல முடியும். பொம்மைகள் வீட்டில் 3டி பிரிண்டரில் அச்சிடப்பட்டவையா, மூலத்தை நகலெடுத்து வார்த்த போலிகளா என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். போலி வார்ப்புகளைத் தொடாத பெயிண்டர்கள் இருக்கிறார்கள். பெட்டியைத் திறந்த பிறகு அவர் கண்டுபிடிக்கும்படி வைப்பது நேர்மையல்ல.

தரம் என்ற குழப்பமான சொல்

கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் (வார்ஹாமர் பொம்மைகளையும் சிட்டாடல் பெயிண்டுகளையும் தயாரிப்பது) ‘பேட்டில் ரெடி’ என்று சொல்வதற்கு ஓரளவு தெளிவான பொருள் உண்டு: முக்கியப் பகுதிகள் எல்லாவற்றுக்கும் நிறம், சிறிது நிழல், முடிக்கப்பட்ட பேஸ். வார்ஹாமர் 40,000 விளையாட்டின் போட்டி முறையில் படை முழுவதும் இந்த நிலையில் இருந்தால் 100-க்கு 10 புள்ளிகள் கிடைக்கும். ஆனால் பெயிண்டர்கள் பயன்படுத்தும் ‘டேபிள்டாப்’, ‘டேபிள்டாப் பிளஸ்’, ‘டிஸ்ப்ளே’ ஆகிய சொற்களுக்குப் பொது வரையறை கிடையாது. ஒருவருடைய டேபிள்டாப்பில் கருவிழி இருக்கும், இன்னொருவருடையதில் கண் வெறும் நிழலாக இருக்கும். எனவே அவருடைய ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு படம் வாங்கிக்கொண்டு, கண்கள், விளிம்பு ஹைலைட், டிரான்ஸ்ஃபர் (ஒட்டும் சின்னம்), பேஸ், வார்னிஷ் (கடைசியாகப் பூசும் பாதுகாப்புப் பூச்சு) ஆகியவை அதில் அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பணம் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் நடுத்தரமாகச் செய்யச் சொல்வதைவிட, தளபதியையும் கொடி பிடிப்பவனையும் உயர்ந்த தரத்தில் செய்து, மற்றவர்களை எளிமையாக முடிப்பதே சிறந்தது. மேசையில் கண் போவது அந்த இருவர் மேல்தான்.

விலை பேசுவது

ஒரு சிப்பாய்க்கு 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 சிப்பாய்களுக்கு 120 மணி. நாளுக்கு 4 மணி உட்கார்ந்தாலும் ஓய்வின்றி 30 நாள் வேலை. சுத்தம் செய்தல், ஒட்டுதல், உலரவிடுதல், படம் எடுத்தல், பொதிதல் எல்லாம் இதற்கு மேல். விலையைக் கேட்டவுடன் ‘ஒரு சின்னப் பொம்மைக்கா இவ்வளவு?’ என்று எழுதத் தோன்றினால் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் வேலையைக் குறையுங்கள். நிறங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், பேஸை நீங்களே முடித்துக்கொள்ளலாம், பாதிப் படையை மட்டும் கொடுக்கலாம். அதே வேலையைக் குறைந்த விலைக்குக் கேட்காதீர்கள். ‘நிறையப் பேர் பார்ப்பார்கள், உங்களுக்கு விளம்பரம்’ என்பது கூலி ஆகாது.

பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பது பரவலான வழக்கம். அது உங்களுக்காக வரிசையில் ஓர் இடத்தைப் பிடித்து வைப்பதற்கும் சேர்த்துத்தான். வேலை தொடங்கிய பிறகு விலகினால் அது முழுதாகத் திரும்ப வராது என்பதை ஏற்றுக்கொண்டு கொடுங்கள். பெரிய படையாக இருந்தால் 10 அல்லது 15 பொம்மைகள் கொண்ட தொகுதிகளாகப் பிரித்து, ஒன்று முடிந்து பணம் கொடுத்த பின் அடுத்தது என்று வைத்துக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.

முதலில் ஒரே ஒரு மாதிரிப் பொம்மையைச் செய்து காட்டச் சொல்லலாம், அதற்குக் கூலி உண்டு. நிறக் கலவையைத் தேடிப் பிடிக்கும் வேலை முழுதும் அந்த ஒன்றில் நடப்பதால், மற்றவற்றைவிட அதற்கு விலை கூடுதலாக இருந்தாலும் வியப்பில்லை.

பெட்டிக்குள் போவது

பணமும் நேரமும் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். நீங்களே ஒட்டி அனுப்பினால் மிச்சம் என்று நினைப்போம். ஆனால் வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் அச்சுக்கோடுகளைச் சுரண்டாமல் ஒட்டிய பொம்மையில், நிழல் வாஷ் போட்டவுடன் அந்தக் கோடு தழும்பு போலத் தெரியும். பெயிண்டர் அதைச் சரிசெய்தால் கூடுதல் கூலி, விட்டுவிட்டால் அசிங்கம். மார்புக்குக் குறுக்கே துப்பாக்கியை ஒட்டிவிட்டால் அதன் பின்னால் தூரிகை நுழையாது. கேடயம், முதுகுப்பை, தலை, குதிரைமேல் இருப்பவன் ஆகியவற்றைத் தனியே விட வேண்டுமா என்று கேட்ட பிறகே பசையைத் திறங்கள். தனித்தனியாகத் தீட்டும்போது ஒட்டும் இடத்தில் பெயிண்ட் படாமல் மறைக்க வேண்டும். பெயிண்டின் மேல் சூப்பர் குளூ போட்டால், பெயிண்டோடு சேர்ந்து பாகம் பெயர்ந்து வரும்.

ரெசின் பொம்மைகளில் வார்ப்பு எண்ணெய் படிந்திருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவாவிட்டால் பிரைமர் உரியும். கொதிக்கும் நீரில் போட்டால் வாளும் ஈட்டியும் வளைந்துவிடும். அச்சிட்ட பொம்மைகளில் தாங்குகால்கள் இருந்த இடத்தில் சிறு முண்டுகள் நிற்கும், யு.வி. ஒளியில் முழுதாகக் கெட்டிப்படாதவை தொட்டால் பிசுபிசுக்கும். அந்த நிலையில் அனுப்பாதீர்கள்.

பிரைமரை நீங்கள் அடிக்காமல் இருப்பதே நல்லது. கெட்டியாக அடித்த ஸ்ப்ரே முகத்தின் விவரங்களை நிரப்பிவிடும், அதை உரித்தெடுப்பது தனி வேலை. மேலும் பெயிண்டரின் முறையைப் பொறுத்தே பிரைமரின் நிறம் அமையும். 2019-இல் வந்த சிட்டாடலின் கான்ட்ராஸ்ட் வகைப் பெயிண்டுகள் (ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தருபவை) வெளிர்ந்த அடிநிறத்தின் மேல்தான் வேலை செய்யும், நீங்கள் கறுப்பு அடித்து அனுப்பினால் அவருக்கு அந்த வழியே அடைபட்டுப்போகும்.

ஆயுதங்களை மாற்றி மாற்றி வைக்க நியோடிமியம் காந்தங்கள் வேண்டுமென்றால் அதன் அளவையும், எந்த முனை வெளியே இருக்க வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். படை முழுதும் ஒரே முனை இருந்தால்தான் பாகங்கள் மாறிப் பொருந்தும். டிரான்ஸ்ஃபர் தாள்கள், பேஸ்கள் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பி, எல்லாவற்றையும் எண்ணி ஒரு பட்டியல் எழுதிப் பெட்டியில் ஒரு படி, உங்களிடம் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பாதிப் படை இருந்து மீதியை அதோடு பொருத்த வேண்டுமென்றால், முடிந்த ஒரு பொம்மையையும் அனுப்புங்கள். பெயிண்ட் பெயர் மட்டும் போதாது. 2012-இல் சிட்டாடல் வரிசை முழுதும் மாறி, டெவ்லன் மட் போன்ற பழைய வாஷ்கள் மறைந்துபோயின. நல்ன் ஆயில் உள்ளிட்ட ஷேடுகளின் (வாஷ்களுக்குப் பின் வந்த நிழல் பெயிண்டுகளின்) கலவை 2022-இல் மாறியது. பெயர் அதேதான், படியும் விதம் அதேயல்ல.

வேலை நடக்கும்போது

எந்தெந்தக் கட்டத்தில் படம் அனுப்புவார் என்று முன்பே பேசிவைத்தால், நாள்தோறும் ‘எந்த மட்டில் இருக்கிறது?’ என்று கேட்க வேண்டியிருக்காது. மாதிரிப் பொம்மை முடிந்ததும் ஒருமுறை, படை முழுதும் அடிநிறம் ஏறியதும் ஒருமுறை, வார்னிஷுக்கு முன் ஒருமுறை: மூன்றும் போதும். படம் வந்தால் ஓரிரு நாளில் பதில் சொல்லுங்கள், உங்கள் பதிலுக்காக 30 பொம்மைகள் மேசையில் காத்திருக்கின்றன.

அடிநிறக் கட்டத்தில் எல்லாப் படையும் தட்டையாகவும் அழகற்றும்தான் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிறம் மாறித் தெரிந்தால் முதலில் பகல் வெளிச்சத்தில், சாம்பல் பின்னணியில் ஒரு படம் கேளுங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் ஃபோன் எடுக்கும் படத்தில் நீலமும் ஊதாவும் ஒன்றாகிவிடும். படத்தைப் பெரிதாக்கிக் குறை தேடுவதும் நியாயமில்லை. 28 மி.மீ. முகத்தைத் திரை முழுக்க விரித்தால் எந்தக் கையும் நடுங்கியதாகத்தான் தெரியும். மேசைக்காகச் செய்த பொம்மையைக் கைநீட்டும் தூரத்தில் வைத்து மதிப்பிடுங்கள்.

பிழை வேறு, மனமாற்றம் வேறு. ஒப்புக்கொண்ட சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு வந்தால் அது பிழை, பெயிண்டர் செலவின்றித் திருத்துவார். நீங்கள் சம்மதித்த சிவப்பு இப்போது பிடிக்கவில்லை என்றால் அது மனமாற்றம், அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் போட்ட பிறகு நிறம் மாற்றுவது இன்னும் கடினம், மறுபடி வெளிர்நிறத்திலிருந்து தொடங்க வேண்டும். குறையைச் சொல்லும்போது படத்தில் இடத்தைக் குறித்து, ஒரே செய்தியில் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ‘ஏதோ சரியில்லை’ என்பதை வைத்து யாராலும் எதையும் திருத்த முடியாது.

வார்னிஷ் மேட்டா (பளபளப்பற்றதா) சாட்டினா (இலேசாகப் பளபளப்பதா) என்று கேட்பார். மேட் வார்னிஷ் உலோக நிறங்களின் பளபளப்பைக் கொன்றுவிடும். கவசம் மின்ன வேண்டுமென்றால் அந்த இடங்களில் கடைசியாக ஒருமுறை உலோகப் பெயிண்டைத் தொட்டுவிடச் சொல்லுங்கள். ஈரக்காற்றில் ஸ்ப்ரே வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதால், மழை முடியட்டும் என்று அவர் தாமதித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வருவது

மீதிப் பணத்தை முடிந்த படங்களைப் பார்த்தவுடன், பொம்மைகள் கிளம்பும் முன்பே கொடுப்பதுதான் வழக்கம். அஞ்சல் செலவும் காப்பீடும் பொதுவாக உங்களுடையவை. வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வார்னிஷ் நன்றாகக் கெட்டிப்படும் முன் குமிழ் உறையை நேரடியாகச் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் விழும், ஆகவே ‘இன்னும் இரண்டு நாள் உலரட்டும்’ என்றால் அவசரப்படுத்தாதீர்கள். பெட்டியைத் திறக்கும்போது படம் எடுங்கள், உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், குறை இருந்தால் ஓரிரு நாளில் சொல்லுங்கள். மூன்று மாதம் விளையாடிவிட்டு ஈட்டி முனை உதிர்ந்ததென்று புகார் சொல்வது முறையல்ல.

படையின் படத்தை எங்கே போட்டாலும் தீட்டியவர் பெயரைச் சேர்த்துப் போடுங்கள். விளையாட்டுப் புள்ளிகளுக்காகப் பிறர் தீட்டிய படையைக் கொண்டுபோவதில் தவறில்லை. ஆனால் சிறந்த வண்ணத்துக்கான பரிசு என்று வரும்போது ‘நான் தீட்டியதல்ல’ என்று நீங்களே முன்வந்து சொல்ல வேண்டும். 1987-இல் தொடங்கிய, பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவதற்கான கோல்டன் டீமன் போன்ற போட்டிகளில் சொந்தக் கைவேலையை மட்டுமே வைக்க முடியும். பின்னாளில் படையை விற்றாலும் பெயிண்டரின் பெயரைச் சொல்லியே விற்பது நல்லது, வாங்குபவருக்கும் அது மதிப்பு.

கடைசியாக, எந்தெந்தப் பெயிண்டை எந்த வரிசையில் போட்டார் என்ற குறிப்பை அவரிடம் கேட்டு வாங்கி, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். தர விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், பேஸ் விளிம்பின் நிறத்தை மட்டுமாவது கேளுங்கள். விளையாடும்போது முதலில் உரிவது அதுதான்.