ஈசாப்பை ஆங்கிலத்தில் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈசாப் கதையைத் தமிழில் சொல்ல நினைக்கும் பலர், முதலில் கண்ணில் படும் ஆங்கில வடிவத்தையே மூலம் என்று நம்பிவிடுகிறார்கள். மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஈசாப் எழுதிவைத்த ஏடு என்று எதுவும் நம்மிடம் இல்லை. அவர் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தீவான சாமோஸில் அடிமையாக இருந்தவர் என்கிறார் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். நம் கைக்கு வந்திருப்பவை பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தைய கிரேக்க உரைநடைத் தொகுப்புகளும், பாப்ரியஸின் கிரேக்கச் செய்யுளும், ஃபீட்ரஸின் லத்தீன் செய்யுளும்தான்.

அதனால் இரண்டு ஆங்கில நூல்கள் வேறுபட்டால் ஒன்று பிழை என்று முடிவுகட்ட வேண்டாம். காக்கையும் நரியும் கதையையே பாருங்கள். நம் ஊர்க் காக்கை பாட்டியிடமிருந்து வடையைத் தூக்குகிறது. ஆங்கிலத்தில் ஒரு நூலில் இறைச்சி, இன்னொன்றில் சீஸ். கிரேக்க உரைநடையில் இருப்பது இறைச்சி, பாப்ரியஸிடமும் ஃபீட்ரஸிடமும் சீஸ். இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் நேர்மையாகத்தான் செய்திருக்கிறார்கள்.

அட்டையில் போட்டிருப்பதை அப்படியே நம்புவது அடுத்த தவறு. ஜார்ஜ் ஃபைலர் டவுன்செண்டின் 1867ஆம் ஆண்டு நூல், கிரேக்கத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தது என்று தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது. ஆனால் உள்ளே கிரேக்கக் கடவுள் ஜீயஸ் இல்லை, ரோமானியர்களின் ஜூபிடர் இருக்கிறார். கிரேக்க தேவதை அஃப்ரோடைட்டியின் இடத்தில் ரோமானிய வீனஸ். இறைச்சியைக் கவ்விய நாய் அதில் பாலத்தைக் கடக்கிறது. கிரேக்க உரைநடையில் வெறுமனே ஆற்றைக் கடக்கிறது, ஃபீட்ரஸிடம் நீந்துகிறது. நீந்தும் நாய் கலங்கிய தண்ணீரில் தன் நிழலை எப்படிப் பார்க்கும் என்ற சந்தேகம் நியாயமானதுதான். பாலம் போட்டவர்களுக்கும் அது தோன்றியிருக்கலாம்.

நீதி வரியில்தான் அதிகம் ஏமாறுகிறோம். முயலும் ஆமையும் கதைக்கு 'நிதானமே வெல்லும்' என்ற பாடம் நமக்கு மனப்பாடம். கிரேக்கத் தொகுப்பு சொல்வதோ வேறு: இயற்கையாக வந்த திறமையை ஒருவர் கவனிக்காமல் விட்டால், உழைப்பு அதைப் பலமுறை வென்றுவிடும். பேச்சு முயலின் அலட்சியத்தைப் பற்றியது, ஆமையின் மெதுவான நடையைப் பற்றியது அல்ல. இந்தக் கிரேக்க நீதிகளும் பின்னாளில் தொகுத்தவர்கள் ஒட்டியவையே. ஆங்கிலத்தில் இது இன்னும் முற்றிப்போனது. 1692இல் ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச் கதைகளுக்குக் கீழே தன் அரச விசுவாச அரசியலை எழுதினார். 1722இல், அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும் என்ற விக் கட்சியின் சார்புள்ள சாமுவேல் கிராக்ஸல் அதற்கு எதிரான விளக்கங்களை எழுதினார். ஒரே ஈசாப், இரண்டு கட்சி!

குழந்தைக் கதைதானே என்று கூர்மையை மழுக்குவதும் வேண்டாம். அரிஸ்டாட்டில் சொல்லும் ஓர் உதாரணத்தில், மரண தண்டனைக்குரிய வழக்கில் சிக்கிய அரசியல்வாதிக்காக ஈசாப் சாமோஸில் பேசுகிறார். அவர் சொல்லும் கதையில், உடம்பெல்லாம் உண்ணி மொய்த்த நரி, அவற்றைப் பிடுங்க வந்த முள்ளெலியை வேண்டாம் என்கிறது. இவை குடித்து நிறைந்துவிட்டன, இவை போனால் பசியோடு வரும் புதியவை மிச்ச ரத்தத்தையும் குடித்துவிடும் என்று காரணமும் சொல்கிறது. அந்த உண்ணிகளைப் போலத்தான் இந்த அரசியல்வாதியும் என்பது பேச்சின் குறிப்பு. இதைத் தூங்கப் போகும் பிள்ளைக்காக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்புறம், தொகுப்பில் இருப்பதெல்லாம் கிரேக்கம் என்று எண்ணாதீர்கள். பூனைக்கு மணி கட்டும் கதை இடைக்கால ஐரோப்பாவைச் சேர்ந்தது. ஜோசப் ஜேக்கப்ஸின் 1894ஆம் ஆண்டு நூலில் அதுவும் ஈசாப் பெயரில்தான் நிற்கிறது. சந்தேகம் வந்தால், ஈசாப் கதைகளைத் தொகுத்து எண்ணிட்ட அறிஞர் பென் பெர்ரி கொடுத்த வரிசை எண்ணைத் தேடுங்கள். முயல்-ஆமை 226, நரி-திராட்சை 15. தலைப்புகள் நூலுக்கு நூல் மாறினாலும் அந்த எண் கதையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெளியிடும் எண்ணம் இருந்தால் உரிமையையும் பாருங்கள். கதை பழையதாக இருக்கலாம், மொழிபெயர்ப்பு அப்படி இல்லை. டவுன்செண்டையும் ஜேக்கப்ஸையும் தாராளமாக எடுத்தாளலாம். லாரா கிப்ஸின் 2002ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு போன்றவற்றுக்கு அனுமதி வேண்டும்.