சாதக நேரம் குறைந்தவருக்குப் பியானோ உருப்படி தேர்வு

நாளுக்கு முக்கால் மணி நேரம்தான் பியானோ முன் உட்கார முடியும் என்றால், ஓர் உருப்படியின் கிரேடையும் (கடினத் தரம்) பக்க எண்ணிக்கையையும் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. புதிதாகக் கற்க வேண்டிய பார் (இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவிலுள்ள தாளக் கட்டம்) எத்தனை? கற்ற பிறகு கையை விட்டுப் போகாமல் வைத்திருக்க வாரத்துக்கு எவ்வளவு நேரம் தேவை? இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் எடுத்த உருப்படிதான் இரண்டு மாதம் கழித்துப் பாதியில் நிற்கும்.

முதலில் எண்ணிக்கை. இசைத்தாளையும் பென்சிலையும் எடுத்து, முன்பு வந்தது திரும்பி வரும் பார்களை அடித்துக்கொண்டே போங்கள். பிராம்ஸின் ஓபஸ் (படைப்பு எண்) 118, எண் 2 இன்டர்மெட்சோவில் மொத்தம் 116 பார். 77-ஆவது பாரில் முதல் பகுதி சில மாற்றங்களோடு திரும்பி வருகிறது. ஆக, கற்க வேண்டியது ஏறக்குறைய 76 பார்தான். வேகமும் கேட்காது. வேலையெல்லாம் மேல் குரலையும் உள் குரலையும் (ஒரே நேரத்தில் ஓடும் மெட்டு வரிகள்) தனித்தனியாக ஒலிக்கவைப்பதில் இருக்கிறது. அந்த வேலையை இருபது இருபது நிமிடமாகப் பிரித்துச் செய்யலாம். ஸ்கார்லாட்டியின் 555 சொனாட்டாக்களில் பெரும்பாலானவை இரண்டு பாதிகளாக அமைந்தவை. முதல் பாதியின் முடிவு இரண்டாம் பாதியின் முடிவில் வேறு சுருதியில் திரும்பும். விரல் மாறினாலும் காதுக்கு அது பழகிய இடம்.

ஒரே கருப்பொருளை, அதாவது மூல மெட்டை, நான்கு குரல்களும் மாறி மாறி எடுக்கும் பாக்கின் ஃப்யூக்கில் இந்தக் கணக்கு பலிக்காது. வெல்-டெம்பர்ட் கிளாவியர் முதல் தொகுதியின் ஜி மைனர் ஃப்யூக் 34 பார்தான், தாளில் பார்த்தால் ஒரு வாரத்து வேலை போலத் தெரியும். ஆனால் கருப்பொருள் ஒவ்வொரு முறை நுழையும்போதும் அதே கை இன்னொரு குரலைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்வரங்கள் அதே வரிசையில் வந்தாலும் விரலமைப்பு புதிது. நான்கு நாள் தொடாமல் விட்டால் நடுக்குரல்தான் முதலில் மறக்கும். ஃப்யூக் எடுத்தால், அந்தப் பருவத்தில் வேறு பெரிய உருப்படி வேண்டாம்.

அடுத்தது மூன்று நாள் சோதனை. உருப்படியின் மிகக் கடினமான எட்டு பாரைக் கண்டுபிடியுங்கள். முதல் பக்கத்தில் அது இருப்பது அபூர்வம். கருப்பொருள் திரும்பி வருவதற்குச் சற்று முன்னாலோ கோடாவிலோ (முடிவுப் பகுதி) தேடுங்கள். ஷோப்பானின் முதல் பாலாடில் 208-ஆவது பாரில் தொடங்கும் கோடாதான் தீர்ப்பு சொல்லும் இடம். முன்னால் உள்ளதெல்லாம் கைக்கு வந்துவிட்டது என்பதால் அது வரும் என்று அர்த்தமில்லை. அந்த எட்டு பாரை முதல் நாள் கை கையாக, பிறகு இரண்டு கையும் சேர்த்து, பதினைந்து நிமிடம் பழகி விரல் எண்களை எழுதிவையுங்கள். இரண்டாம் நாள் கையைச் சூடேற்றாமல் நேராக அதை வாசியுங்கள். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைக் கவனித்துவிட்டு, மறுபடி பதினைந்து நிமிடம். மூன்றாம் நாள் இறுதி வேகத்தில் பாதியில், எழுதிய விரல்களிலேயே, நிற்காமல் போக வேண்டும். தப்பு ஸ்வரம் ஒன்றிரண்டு பரவாயில்லை. விரலமைப்பு இன்னும் மாறிக்கொண்டே இருந்தாலும், தோளும் முன்கையும் இறுகினாலும், அந்த உருப்படியை இப்போதைக்கு மூடிவையுங்கள். கை அகலம் எட்டாத கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) பக்கத்துக்குப் பக்கம் வந்தால் சோதனையே தேவையில்லை, சாதகம் அதைத் தீர்க்காது.

இனி, தக்கவைக்கும் செலவு. ஷோப்பானின் ஓபஸ் 10, எண் 2 எட்யூட் (பயிற்சி உருப்படி) வலது கையின் மூன்று, நான்கு, ஐந்தாம் விரல்களை ஓயாமல் ஓடவிடுகிறது. ஓபஸ் 25, எண் 6 முழுக்க இரட்டை ஸ்வர ஓட்டம். ஸ்கார்லாட்டியின் கே. 141 (கே. என்பது படைப்புப் பட்டியல் எண்) ஒரே ஸ்வரத்தை விரல் மாற்றி மாற்றித் தட்டுவது. இவை மெதுவான வேகத்தில் வந்துவிட்டது போலத் தோன்றும், வேகத்தில் நிலைக்க அன்றாடத் தொடர்பு கேட்கும். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் கிடைப்பவர் இவற்றில் நேரத்தைக் கொட்டுவது நியாயமில்லை. அதற்காக மெதுவானதெல்லாம் மலிவு என்றும் நினைக்க வேண்டாம். ஷூபர்ட்டின் ஜி ஃபிளாட் மேஜர் இம்ப்ராம்ப்டுவில் மேல் விரல்கள் பாட, அதே கையின் மற்ற விரல்கள் உள்ளே நிற்காமல் ஓட வேண்டும். முன்கை சோர்ந்தால் பாட்டு மங்கிவிடும். மோட்சார்ட்டின் பி மைனர் அடாஜியோ, கே. 540, கைக்கு இலகு. அங்கே ஒவ்வொரு மௌனத்தையும் எண்ணி முழுதாக விட வேண்டும்.

நேரம் குறைந்தவருக்குத் தொகுப்புகள் பெரிய வரம். ஷோப்பானின் ஓபஸ் 28-இல் எண் 4 வெறும் 25 பார், எண் 7 16 பார், எண் 20 13 பார். அதே தொகுப்பின் எண் 16 ஒரு நிமிடத்துச் சூறாவளி, அதைத் தள்ளிவையுங்கள். பீத்தோவனின் ஓபஸ் 126-இல் ஆறு பகடெல்கள் (குறும் உருப்படிகள்), ப்ரோகோஃபியேவின் ஓபஸ் 22-இல் இருபது சிறு உருப்படிகள். நான்கைந்தைக் கோத்தால் மேடைக்குத் தாராளம். பல பகுதிகள் கொண்ட சொனாட்டாதான் வேண்டும் என்றால் பீத்தோவனின் ஓபஸ் 90-ஐப் பாருங்கள்: இரண்டே பகுதிகள், இரண்டாவது ரோண்டோ, அதன் கருப்பொருள் பலமுறை திரும்புவதால் புதிய பார்கள் குறையும்.

கையில் ஒரு சமயத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம்: கடினமானது ஒன்று, சிறியது ஒன்று, ஏற்கெனவே தெரிந்தது ஒன்று. முக்கால் மணியை 25, 10, 10 என்று பிரியுங்கள். கடினமானதைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். தினமும் முதல் பாரிலிருந்து வாசித்தால் நேரம் முடியும்போது மூன்றாம் பக்கத்தில் நிற்பீர்கள், முதல் பக்கம் பளபளக்கும், கோடா பச்சையாகவே கிடக்கும். ஆறாவது வாரத்தின் முடிவில், வேகம் பாதியே ஆனாலும் முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை போக முடியவில்லையென்றால், அதை நிறுத்திவிட்டு ஓபஸ் 28-இலிருந்து இரண்டை எடுங்கள். எழுதிய விரல் எண்களை மட்டும் அழிக்காதீர்கள். நேரம் கிடைக்கும் பருவத்தில் அவை அப்படியே உதவும்.